சிகாகோவில் நண்பர்களுடன் அமெரிக்க உணவகம்: ஐந்து பேருக்கும் ஒத்துவரும் இடம் எது?

ஏரிக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகச் சிகாகோவுக்குக் குடிவந்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒன்றாகப் பணியாற்றும் நாங்கள் ஐந்து பேர் அவ்வப்போது வெளியே சேர்ந்து சாப்பிடுகிறோம். எங்கே போவது என்ற பேச்சு எழும்போதெல்லாம், எல்லாருக்கும் ஒத்துவரும் என்பதற்காகக் கடைசியில் டெவான் அவென்யூவில் உள்ள நம் நாட்டு உணவகங்களுக்கே போய்ச் சேர்கிறோம். அந்தச் சாப்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்களில் இருவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கர்கள். சிறுவயதிலிருந்து தாங்கள் போய்வரும் கடைகளுக்கு எங்களையும் அழைத்துப்போக அவர்களுக்கு மிகுந்த ஆசை. ஒவ்வொரு முறையும் அவர்களே விட்டுக்கொடுப்பது சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்ற மூவரின் நிலை இதுதான். ஒருவர் முட்டையைக்கூடத் தொடாத சைவர். இன்னொருவர் ஹலால் இறைச்சியை மட்டுமே உண்பவர். நான் கோழியும் மீனும் சாப்பிடுவேன், மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சாப்பிடுவதில்லை. ஐவரும் ஒரே மேசையில் அமர்ந்து, எவரும் வெறும் உருளைக்கிழங்கு வறுவலோடு எழுந்துவிடாமல், மனநிறைவாகச் சாப்பிடக்கூடிய அமெரிக்க உணவகங்கள் இந்நகரில் உண்டா? விலை மிதமாக இருக்க வேண்டும். டிப்ஸ் எவ்வளவு வைப்பது, பில்லை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதிலும் எங்களுக்குள் ஒவ்வொரு முறையும் குழப்பம் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் அதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொன்னி

வணக்கம். உங்கள் குழுவுக்கு முதலில் பீட்சாவைத்தான் சொல்வேன். அமெரிக்க உணவகங்களில் பெரும்பாலும் ஆளுக்கொரு தட்டு வரும், அவரவர் தட்டை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடும் பழக்கம் பீட்சாவில்தான் இயல்பாக அமைந்திருக்கிறது. அதிலும் சிகாகோ அதற்கே பெயர்போன ஊர் என்பதால் உங்கள் அமெரிக்க நண்பர்களும் சொந்த ஊர்ப் பெருமையோடு வருவார்கள்.

ஆழமான தட்டில் சுடும் டீப் டிஷ் பீட்சா 1943இல் ஒஹாயோ தெருவும் வாபாஷ் அவென்யூவும் சந்திக்கும் முனையில் தொடங்கிய பீட்சேரியா ஊனோவிலிருந்து பரவியது. கூட்டம் பெருகவே அதே உரிமையாளர்கள் 1955இல் ஒரு தெரு தள்ளிப் பீட்சேரியா டூவே என்ற இரண்டாவது கடையைத் திறந்தார்கள். இரண்டும் இன்றும் இருக்கின்றன, ரெட் லைன் ரயிலில் கிராண்ட் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். சாதாரண பீட்சாவில் மேலே இருக்கும் சீஸ் இதில் அடியில், மாவின் மேல் நேராகப் போடப்படும். அதற்கு மேல் காய்கறியோ இறைச்சியோ வரும், எல்லாவற்றுக்கும் மேலே நசுக்கிய தக்காளி. அடுப்பில் அரை மணி நேரத்துக்கும் மேல் இருப்பதால், சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும் என்பதுதான் இந்த அடுக்குமுறைக்குக் காரணம். 1971இல் தொடங்கிய லூ மால்நாட்டீஸ் கடைகளில் "லூ" என்ற பெயரிலேயே பசலைக்கீரை, காளான், தக்காளித் துண்டுகள் சேர்த்த ஒரு பீட்சா உண்டு. சைவ நண்பருக்கும் ஹலால் நண்பருக்கும் அது பொதுவாகிவிடும். உங்களுக்கும் அதில் தடையில்லை. மற்ற இருவருக்கும் இந்த ஊர்க்காரர்கள் மிக விரும்பும் சாசேஜ் (மசாலா சேர்த்து அரைத்த பன்றி இறைச்சி) பீட்சாவைத் தனியாகச் சொல்லிவிடலாம்.

பாதிக்குப் பாதி என்று ஒரே தட்டில் இரண்டு வகையையும் கேட்காதீர்கள். கடைக்காரர்கள் செய்து தருவார்கள், ஆனால் அரை மணி நேரம் ஒரே தட்டில் வேகும்போது சாசேஜின் கொழுப்பு அடுத்த பாதிக்கும் போய்விடும். இரண்டு தனித்தனித் தட்டுகளாக, சிறிய அளவில் வாங்குவதே முறை. ஒருவருக்கு இரண்டு துண்டுகளே தாராளம், அதற்கு மேல் சாப்பிட முடியாது. மீந்ததைக் கட்டித் தரச் சொல்லுங்கள். இங்கே எல்லாரும் அப்படிக் கேட்டு வாங்கிப்போவது வழக்கம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பசியோடு போய் உட்கார்ந்து, அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் காத்திருந்தால் யாருக்கும் பேச்சே வராது. சில கடைகளில் வரிசையில் நிற்கும்போதே என்ன பீட்சா வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அந்த வசதி இருந்தால் தவறாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காயல்பட்டினத்தான்

பொன்னி சகோதரி சொன்னது பெரிதும் சரி. ஹலால் பேணுபவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் உணவுப்பட்டியலில் எழுதியிருப்பதை மட்டும் நம்பினால் நீங்கள் மூவருமே ஏமாற நேரிடும்.

பொதுவான அமெரிக்க உணவகங்களில் கிடைக்கும் கோழி ஹலால் அல்ல. ஆகவே, கோழி இருக்கிறதே என்று ஹலால் நண்பருக்காக நீங்கள் முடிவு செய்துவிடக் கூடாது. அவருக்கு மீனும் காய்கறியும்தான் வழி. மீனிலும் ஒரு கவனம் தேவை: மாவில் தோய்த்துப் பொரிக்கும் மீனுக்குப் பல கடைகளில் பியர் கலந்த மாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். தணலில் வாட்டிய மீன் கேட்டால் அந்தச் சிக்கல் இல்லை. பீட்சா கடையில், வெட்டும் கத்தியைச் சைவ பீட்சாவுக்குத் தனியாக எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சைவ நண்பருக்கும் உங்களுக்கும் மறைவாக வரும் பொருள்கள் இன்னும் அதிகம். வெங்காய சூப் என்று எழுதியிருக்கும், அதன் அடிநீர் மாட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கும். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி இருக்கும். அவித்த பீன்ஸிலும் கீரையிலும் சுவைக்காகப் பன்றி இறைச்சித் துண்டு போடுவது அமெரிக்கத் தென்மாநிலச் சமையலின் வழக்கம், அந்தச் சமையல் சிகாகோவின் தென்பகுதியில் பரவலாக உண்டு. இந்நகரின் புகழ்பெற்ற ஹெரால்ட்ஸ் சிக்கன் கடைகள் 1950 முதல் இருக்கின்றன. அங்கே கோழியைப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பும் தாவர எண்ணெயும் கலந்த கலவையில். கோழிதானே என்று நீங்கள் சாப்பிட்டுவிடக்கூடும் என்பதால்தான் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

உருளைக்கிழங்கு வறுவலைப் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் ஒரு பழைய வழக்கை அறிந்திருக்க வேண்டும். இன்று சிகாகோவிலேயே தலைமையகம் வைத்திருக்கும் மெக்டொனால்ட்ஸ், 1990இல் மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. வறுவலில் மாட்டிறைச்சிச் சாறு தொடர்ந்து சேர்ந்துவந்தது வெளியானபோது, 2001இல் சியாட்டிலில் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 2002இல் 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தத் தொகை சைவ அமைப்புகளுக்கும் இந்து அமைப்புகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் பிரித்தளிக்கப்பட்டது. அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் வறுவல் இன்றும் சைவர்களுக்கு உகந்ததல்ல. எனவே எந்தக் கடையானாலும் எண்ணெய் என்ன, அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வாமை காரணமாக இப்படிக் கேட்பவர்கள் இங்கே ஏராளமாக இருப்பதால், பரிமாறுபவர்கள் முகம் சுளிக்காமல் சமையலறையில் விசாரித்து வந்து சொல்வார்கள்.

அமெரிக்க பர்கரையும் பொரித்த கோழியையும் ஹலாலாகவே சாப்பிட வேண்டும் என்றால் தென்மேற்குப் புறநகரான பிரிட்ஜ்வியூ பக்கம் போங்கள். அரபு மக்கள் மிகுதியாக வாழும் இடம். ஒரு முறை உங்கள் நண்பருக்காக எல்லாரும் அங்கே போனால், அன்றைக்காவது அவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் கைநீட்டிச் சாப்பிடலாம்.

லேக்வியூ வாசி

இங்கே யாரும் இன்னும் சிகாகோ டைனரைச் சொல்லவில்லையே. ஹால்ஸ்டெட் தெருவில் 1983 முதல் நடந்துவரும் முழுச் சைவ உணவகம் அது. நம் ஊர்ச் சைவ ஓட்டல் போல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பர்கர், சாண்ட்விச், மில்க் ஷேக் என்று அமெரிக்க டைனரின் பட்டியல் முழுவதையும் இறைச்சி இல்லாமல் செய்கிறார்கள். மாட்டிறைச்சியில் செய்யப்படும் ரூபன் சாண்ட்விச்சைக் கோதுமைப் புரதத்தில் செய்து, புளித்த முட்டைக்கோஸோடு தருவது அவர்களுடைய பெயர்பெற்ற பண்டம். முட்டையும் பாலும் சேராதவை எவை என்று பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம். இறைச்சி உண்ணும் உங்கள் அமெரிக்க நண்பர்கள் வருத்தப்படுவார்கள் என்று தயங்காதீர்கள், அங்கே அமர்ந்திருப்பவர்களில் இறைச்சி உண்பவர்களும் நிறையப் பேர்.

காலை உணவுக்குச் சேர்ந்து போவதையும் யோசியுங்கள், அது அமெரிக்கர்கள் நண்பர்களோடு மிக இயல்பாகக் கூடும் வேளை. யூனியன் நிலையத்துக்கு அருகில் ஜாக்சன் தெருவில் இருக்கும் லூ மிட்செல்ஸ் 1923இல் தொடங்கியது. புகழ்பெற்ற 66ஆம் எண் நெடுஞ்சாலை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், நெடும்பயணம் கிளம்புபவர்கள் அங்கே சாப்பிட்டுவிட்டுப் போவது பழைய வழக்கம். வரிசையில் நிற்பவர்களுக்குச் சிறிய டோனட் உருண்டைகளைத் தட்டில் எடுத்து வந்து கொடுப்பார்கள். பிற்பகலோடு கடையை மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

ஆனால் உங்கள் சைவ நண்பர் முட்டை சேர்க்காதவர் என்பதால் காலை உணவில்தான் அவருக்குச் சிரமம் அதிகம். பான்கேக், வாஃபிள், ஃபிரெஞ்ச் டோஸ்ட் என எல்லா மாவிலும் முட்டை சேரும். ஓட்ஸ் கஞ்சி, துருவி வறுத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பழம் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த உருளைக்கிழங்கையும் பேக்கன் என்ற பன்றி இறைச்சியை வாட்டிய தட்டையான கல்லிலேயே போடுகிறார்களா என்று கேட்பது நல்லது. அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் காலை உணவுக்குப் போங்கள்.

பழைய மாணவன்

டிப்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகம் என்றால் வரி சேர்ப்பதற்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 விழுக்காடு வைப்பது இன்றைய நடைமுறை. நம் ஊரில் மீதிச் சில்லறையைத் தட்டில் விட்டு வருவதோடு இதை ஒப்பிட முடியாது. இங்கே அது பரிமாறுபவரின் ஊதியத்தின் பெரும்பகுதி. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம், நாடு தழுவிய சட்டப்படி, 1991 முதல் இன்றுவரை மணிக்கு 2.13 டாலர்தான். இல்லினாய் மாநிலத்தில் அதைவிடக் கூடுதல். சிகாகோ நகர மன்றம் 2023இல் ஒரு சட்டம் இயற்றி, மற்றத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்கு அதைப் படிப்படியாகக் கொண்டுவர முடிவெடுத்து, 2024 ஜூலையில் முதல் உயர்வைச் செயல்படுத்தியது. ஆனாலும் டிப்ஸ் எதிர்பார்ப்பு குறைந்துவிடவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை என்பதற்காகப் பரிமாறியவரின் தொகையைக் குறைப்பது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் சமைத்தவர் அவர் இல்லை.

வரியையும் மறந்துவிடாதீர்கள். இந்நகர உணவகங்களில் அது 10 விழுக்காட்டைத் தாண்டும், நகர மையத்தில் இன்னும் சற்று அதிகம். ஆக, பட்டியலில் 20 டாலர் என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது ஏறத்தாழ 26 டாலர். ஆறு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் பல இடங்களில் டிப்ஸைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். வேறு சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் சில கடைகளில் இருக்கும். பில்லைப் படித்துப் பார்க்காமல் மேலும் 20 விழுக்காடு எழுதினால் இருமுறை கொடுத்ததாகிவிடும்.

பிரித்துக்கொள்வதைப் பொறுத்தவரை, மொத்தத் தொகையை ஐந்தால் வகுத்துவிடுங்கள். நண்பர்களுக்குள் ஒவ்வொரு பண்டத்தையும் கணக்குப் பார்ப்பது நட்புக்கு அழகல்ல.

பொன்னி

பழைய மாணவன் அவர்களின் கடைசிக் கருத்தோடு நான் உடன்படவில்லை. பீட்சாவை நடுவில் வைத்துச் சாப்பிடும்போது ஐந்தால் வகுப்பது சரிதான். ஆனால் பர்கர் கடையிலோ ஸ்டேக் கடையிலோ, ஒருவர் 14 டாலருக்கு சாலட்டும் தண்ணீரும் எடுத்திருக்க, இன்னொருவர் இறைச்சியும் இரண்டு கோப்பை பியரும் எடுத்திருப்பார். அப்போது சமமாக வகுத்தால், மது அருந்தாத ஹலால் நண்பரும் சைவ நண்பரும் ஒவ்வொரு முறையும் மற்றவர்களின் மதுவுக்குப் பணம் கட்டுவார்கள். முகத்துக்காக அவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள், சில மாதங்கள் கழித்து வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். என் நண்பர் வட்டத்தில் ஒருவர் அப்படித்தான் விலகிப்போனார்.

அமர்ந்தவுடனேயே தனித்தனி பில் வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டால்தான் பரிமாறுபவருக்கு வேலை கூடும். அது முடியாத இடத்தில் ஒருவர் கார்டில் கட்டிவிட, மற்றவர்கள் தங்கள் பங்கை வரியும் டிப்ஸும் சேர்த்துக் கைபேசியில் அனுப்பிவிடலாம்.

பழைய மாணவன்

மது விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். மதுவைத் தனியாகக் கழித்துவிட்டு, உணவை மட்டும் சமமாக வகுப்பதை நல்ல நடுவழியாகக் கருதுகிறேன். உணவில் சில டாலர் வேறுபாட்டைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்ற என் எண்ணத்தில் மாற்றமில்லை.

ஏரிக்கரையான்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் கீரை பீட்சா, அதற்கடுத்துச் சிகாகோ டைனர் என்று குழுவில் சொல்லிவிட்டேன். சைவ நண்பர் ஒன்று கேட்கச் சொன்னார்: பீட்சாவில் சேரும் சீஸ் உண்மையிலேயே சைவமா? அமெரிக்க நண்பர்கள் இருவரும் எங்களை ஒரு முறையாவது சிகாகோ ஹாட் டாக் கடைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். அங்கே எங்களுக்குச் சாப்பிட ஏதேனும் உண்டா?

லேக்வியூ வாசி

சீஸ் பற்றிய கேள்வி நியாயமானது. பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய முறை. இன்று அமெரிக்காவில் செய்யப்படும் மொசரெல்லா போன்றவற்றில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து பெற்ற நொதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பார்மிசான், ரொமானோ போன்ற இத்தாலிய வகைக் கெட்டிச் சீஸ்களில் பழைய முறை இன்னும் உண்டு. மேலே சொன்ன "லூ" பீட்சாவில் ரொமானோவும் சேரும். ஆகவே ரொமானோ இல்லாமல் செய்து தரக் கேளுங்கள், மாவில் முட்டை உண்டா என்பதையும் அந்தந்தக் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ ஹாட் டாக் என்பது கசகசா தூவிய பன்னில் மாட்டிறைச்சி சாசேஜை வைத்து, மஞ்சள் கடுகு சாஸ், நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டுகள், பளிச்சென்ற பச்சை நிற இனிப்பு ஊறுகாய், நீள வெள்ளரி ஊறுகாய், சிறு மிளகாய், செலரி உப்பு எல்லாம் சேர்த்துத் தருவது. கெச்சப் போடுவதை இந்த ஊர்க்காரர்கள் ஏற்க மாட்டார்கள். 1963இல் வில்லா பார்க் என்ற புறநகரில் ஒரு சிறு வண்டியில் தொடங்கிய போர்ட்டிலோஸ், 2022 முதல் தாவரப் பொருளில் செய்த சாசேஜோடும் இதைத் தருகிறது. மேலே சொன்ன ஊறுகாயும் மிளகாயும் அப்படியே சேரும் என்பதால் நம் நாக்குக்கு அது நன்றாகவே பிடிக்கும். அதே கல்லில் வாட்டுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு நீங்கள் மூவரும் அதைச் சாப்பிடலாம், நண்பர்கள் இருவரும் அசல் ஹாட் டாக்கையும் சாற்றில் தோய்த்த மாட்டிறைச்சி சாண்ட்விச்சையும் சாப்பிடட்டும். நகர மையத்தில் கிளார்க் தெருவும் ஒன்டாரியோ தெருவும் சந்திக்கும் இடத்தில் உள்ள அவர்களுடைய கடை மிகப் பெரியது, ஐந்து பேருக்கு மேசை கிடைப்பது பொதுவாக எளிது. கவுண்டரில் அவரவர் சொல்லி அவரவர் பணம் கட்டிவிடுவதால், மேலே பொன்னி அவர்களும் பழைய மாணவன் அவர்களும் விவாதித்த சிக்கலே அங்கே எழாது. மேசைக்கு வந்து பரிமாறுபவர் இல்லாததால் 20 விழுக்காடு வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

சிகாகோ டைனருக்குப் போகும் நாளைத் தீர்மானிக்கும் முன் கப்ஸ் அணியின் பேஸ்பால் அட்டவணையை ஒரு முறை பாருங்கள். ரிக்லி ஃபீல்டு மைதானம் சில தெருக்கள் தள்ளித்தான் இருக்கிறது. ஆட்டம் உள்ள நாளில் ரயிலிலும் அந்தப் பகுதிக் கடைகளிலும் நிற்கவும் இடமிருக்காது. ஆட்டம் இல்லாத நாளில் பெல்மான்ட் நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம்தான்.